அப்பா தனியாக அடுக்கிய கல்

கசங்கிய தைலமர இலை வாசனை. ஞாயிறு மதியங்களில், மலையேறிவிட்டு அல்சூர் மெட்ரோவில் திரும்பும் இளசுகளின் பைகளிலிருந்து அது கிளம்பும்போது, என் நிறுத்தம் வந்தும் இறங்காமல் நின்றுவிடுகிறேன்.

என் சின்ன வயதில் ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறையில் நாங்கள் மூவர். கொஞ்ச நாளாக அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். “உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு.” “பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” தபால் வேலை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு, அதிசயமாக, மூவரும் பஸ் ஏறி ஒரு மலையூருக்குப் போனோம். உச்சியில் பழைய கோட்டை. காற்று, தைலமரம், குரங்கு, மறுபடி காற்று. இடிந்த மதிலோரம் எங்கும் குட்டிக் குட்டிக் கல் அடுக்குகள். சொந்த வீடு வேண்டுகிறவர்கள் குடும்பமாகச் சேர்ந்து கல்மேல் கல் வைப்பது அங்கே வழக்கம். மாடி வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கல்.

அம்மா வைத்தாள். அதன்மேல் நான் வைத்தேன். உச்சிக்கல் அப்பாவுடையது என்று நானே முடிவு செய்து, நல்ல தட்டைக் கல்லாகப் பொறுக்கி, தள்ளி நின்ற அவர் கையில் கொடுத்தேன். அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் அடுக்குக்கு வராமல், மதிலின் அந்தக் கோடிக்குப் போய்த் தரையில் வைத்து, தனியாக ஒன்று அடுக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் பொரி விற்ற அக்கா சிரித்தாள். “ஏன் சாமி, ஒரே குடும்பத்துக்கு ரெண்டு வீடா? ஒண்ண வாடகைக்கு விடப் போறியா?”

எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அம்மாவிடம் ஓடி, நமக்கு ரெண்டு வீடு என்றேன். அவள் முந்தானையில் கை மண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அப்பா ஓசூர் ரோடு பஸ்ஸில் ஏறினார். ஃபாக்டரியில் நைட் ஷிப்ட் என்று நினைத்தேன். அந்த ரோட்டிலேயே பொம்மசந்திராவில் அவர் முன்பே தனி அறை பார்த்து வைத்திருந்ததும், இனி வரமாட்டார் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அவள் புளிமூட்டைக் கூட்டத்தில் முதுகு காட்டி நின்றாள். நான் அவர் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, அம்மாவிடம் என்ன சொல்லணும் என்று அப்பாவைக் கேட்டேன்.

“ராத்திரி கதவ நல்லா தாப்பா போட்டுக்கச் சொல்லு, கண்ணு.”