யாருடைய அப்பா

அக்கா இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றைப் பதினெட்டு வருடம் நடத்தியவள். முப்பத்தொரு குழந்தைகளின் விவரமும் அவள் கணினியில் ஒரே கோப்பில் இருந்தது. கட்டம், வண்ணம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. குழந்தையின் பெயர் ஒரு வரி. அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி, பால் ஆகாது, பொம்மை இல்லாமல் தூங்காது என்று குறிப்புகள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சீராக்குகிறேன் பேர்வழி என்று, வரிகளை அகரவரிசையில் அடுக்கும் பொத்தானை அழுத்தினாள். சேமித்து மூடியும்விட்டாள். மறுபடி திறந்தால் உள்ளே தள்ளியிருந்த குறிப்புகளெல்லாம் மேலே, பெயர்களெல்லாம் கீழே. முதல் வரி: 'அப்பா வந்தால் அனுப்பக் கூடாது. அம்மா மட்டும்.'

யாருடைய அப்பா? முந்தின வாரம் அவள் விடுப்பில் இருந்தபோது காப்பகத்து டீச்சர் சேர்த்த வரி அது. டீச்சரின் போன் அணைந்திருந்தது. மணி நாலு. அக்காவைப் பார்க்கப் போயிருந்த நானும் அம்மாக்களுக்குப் போன் போட ஆரம்பித்தேன். அதற்குள் வாசலில் இரண்டு அப்பாக்கள்.

"தப்பு என்மேலதான் சார். அம்மாங்ககிட்ட கேக்காம இன்னைக்கு ஒரு குழந்தையையும் அனுப்ப மாட்டேன்." அக்கா வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள்.

"ரெண்டு வருஷமா நான்தானே வர்றேன்? இன்னைக்கு என் மூஞ்சி மாறிப்போச்சா?" அவர்களில் ஒருவரான லாரி டிரைவர் கத்தினார்.

"மூஞ்சி அதேதான் சார். என் ஃபைலுதான் மாறிப்போச்சு."

"நல்லா நடத்துறீங்கம்மா! வீட்டுக்காரிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வரணுமா நான்?"

பலூனோடு நின்ற மற்றவர் சிரித்தார். "பரவால்ல மேடம். மெதுவா கேளுங்க."

அவரோடு குழந்தையை அனுப்பிவிடலாமா என்று அக்கா கண்ணால் கேட்டாள். நான் சரியென்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. நல்லவேளை, அவள் தாழ்ப்பாளை நீக்கவில்லை.

டிரைவரின் மனைவி உடனே எடுத்தார். "அனுப்புங்க. அங்க கத்துறது எங்க வீட்டுக்காரர்தான், இங்கயே கேக்குது."

பலூன்காரரின் மனைவி ஐந்தாவது முறைதான் எடுத்தார். நான் சொல்லி முடிக்கவில்லை. "அவரு அங்க வந்துருக்காரா?" குரல் கிறீச்சிட்டது.

போனை அக்காவிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ள, தாழ்ப்பாளை விட வேண்டும். அவள் விடவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

பலூன்காரர் அதைக் கேட்க நிற்கவில்லை.