வடிகான் ஓரத்துச் சிவப்புக் கறை

போன மாதக் கடைசி ஞாயிறு. காலை வேளை. என் காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். மூக்கு நுனியில் ஒரு துளி விழுந்தது. விரலால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சிவப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றிலைச் சிவப்பு.

அந்தக் கணத்தில் நான் நினைத்தது காரைப் பற்றி அல்ல. நானே எழுதி, திகதியிட்டு, கையொப்பமும் வைத்து அனுப்பிய ஒரு கடிதத்தைப் பற்றி.

முதலிலிருந்து சொன்னால்தான் என் அவமானம் உங்களுக்குச் சரியாக விளங்கும்.

எங்கள் வீடு கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலேறும் ஒரு லேனில் இருக்கிறது. படி கட்டுவதா, தார் போடுவதா என்று போட்டவர்களே கடைசிவரை குழம்பியிருப்பார்களோ என்று நினைக்கவைக்கும் ஏற்றம். வீட்டிலிருந்து கேட் வரையிலான சீமெந்துத் தளமும் சரிவுதான். மாலையில் காரைப் பின்பக்கமாக ஏற்றி, முகம் கேட்டைப் பார்க்க நிறுத்துவேன். காலை ஆறரைக்கு என்ஜினை ஓடவிட்டு, உள்ளே போய்த் தேநீர் குடித்து, காரை வெளியே எடுத்து, இறங்கி வந்து கேட்டைச் சாத்துவேன். வருடக்கணக்கான ஒழுங்கு இது.

சில மாதங்களுக்கு முன், அப்படிக் கேட்டைச் சாத்தும்போதுதான் முதன்முதலாக அதைக் கண்டேன். வெளியே, வடிகானின் விளிம்பில், ஈரமாக ஒரு சிவப்புக் கறை.

கறையிலிருந்து இரண்டடி தூரத்தில் மாரிமுத்து நின்றிருந்தார். கையில் விளக்குமாறு... வாயில் வெற்றிலை.

மாரிமுத்து எங்கள் லேனைக் கூட்டும் நகரசபைத் தொழிலாளி. மஹய்யாவத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து நடந்தே வருவார். முழங்கால் வலிக்காரர், சரிவில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் என்பதை லேனில் எல்லோரிடமும் மகிழ்ச்சியோடு அறிவித்திருந்தார்.

"குட் மோர்னிங் சேர்" என்றார். உதட்டோரம் சிவந்திருந்தது.

இதற்கு மேல் ஒரு நீதிபதிக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாளும் கறை. அடுத்த நாளும் அதே இடத்தில், அதே நேரத்தில். நான் சமூகவியல் படித்தவன். ஆதாரமில்லாமல் எவரையும் குற்றம் சாட்டக் கூடாது என்ற கொள்கை உடையவன். ஆகவே ஒரு குறிப்பேடு வாங்கி, கறையின் நேரம், அளவு, மாரிமுத்து நின்ற தூரம் ஆகியவற்றை எழுதிவந்தேன். ஒரு வாரம் கழித்து அவரை அழைத்தேன்.

"மாரிமுத்து, வெத்தில போடுறது உங்க விருப்பம். ஆனா வாசல்ல துப்புறது..."

"நான் துப்பலீங்க சேர்."

"அப்ப யாரு?"

அவர் கறையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியலீங்க சேர்."

அந்தப் பார்வையைக் குற்ற உணர்ச்சி என்று குறிப்பேட்டில் பதிந்தேன். மறுநாளிலிருந்து அவர் ஒரு பழைய வாளியில் மண் கொண்டுவந்து, கறைமீது தூவி, வழித்தெடுக்கத் தொடங்கினார். தடயத்தை அழிக்கிறார் என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்து நான் செய்தவற்றில் ஒன்று உங்களுக்குத் தெரியும். பொது இடத்தில் வெற்றிலை துப்புவதைக் கண்டித்து இதே பத்திரிகைப் பத்தியில் எழுதினேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். உங்களுக்குத் தெரியாதவை இரண்டு. கேட்டில் மும்மொழியில் ஒரு போர்ட் மாட்டினேன் — 'இங்கே துப்பாதீர்'. பிறகு நகரசபைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். எவரையும் புண்படுத்தாத, நாகரிகமான, பந்தி பிரித்த கடிதம். மாரிமுத்துவின் பெயர் மட்டும் அதில் மூன்று முறை வந்திருந்தது.

பத்து நாளில் அவரைச் சந்தைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். குப்பை லொறி வேலை. கூடையைத் தூக்கி மேலே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். லொறி நகர நகரக் கூடவே ஏறி இறங்க வேண்டும்.

எங்கள் லேனுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. கேட்டே விட்டேன்.

அவர் வந்த முதல் நாள் காலை, வடிகான் ஓரத்தில் கறை!

ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? தன் முடிவைச் சந்தேகித்திருப்பான். நான் என்ன செய்தேன்? மாரிமுத்துவை இன்னும் கூடுதலாகச் சந்தேகித்தேன். மாற்றிய கோபத்தில், வேண்டுமென்றே வந்து துப்பிவிட்டுப் போகிறார்! மறுநாள் விடிந்ததும் யன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். யாரும் வரவில்லை. ஆறரைக்கு என்ஜினை ஓடவிட்டேன், தேநீர் குடித்தேன், கேட்டைத் திறந்தேன்... கறை.

"நான் டீ குடிக்கிற நேரத்தப் பாத்து வந்திருக்காரு" என்று மனைவி வசந்தியிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "முழங்கால் வலியோட மஹய்யாவயில இருந்து ஏறி வந்து, நீங்க உள்ள போனதும் துப்பிட்டு, நீங்க வர்றதுக்குள்ள ஓடிருவாராக்கும்? ஏங்க, ஓட முடிஞ்சா அவரு ஏன் கூட்டுற வேலைக்கு வர்றாரு, ஓட்டப் பந்தயத்துக்கே போயிருக்கலாமே?"

அவளும் அவர் பக்கமோ என்று ஒரு கணம் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை, புசல்லாவையில் இருக்கும் வசந்தியின் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கார் ஒரு புதுக் குணம் காட்டியது. மிதித்தால் என்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. செயின் கழன்ற சைக்கிள் மாதிரி. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்து, ஒதுங்கி, கடந்து போனது. யன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் எங்களை எட்டிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் ஆறவிட்டு, இறக்கமான வழிதான் என்ற நம்பிக்கையில் மெல்ல வீடு திரும்பினோம். எங்கள் லேன் ஏற்றத்தில் மட்டும் இரண்டு தடவை நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது.

பலீல் நானாவுக்குப் போன் போட்டேன். கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்.

"ஒட்டோ கியர்தானே சேர்? ஒயில் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல நானா. கார் நிக்கிற இடம் சுத்தமா இருக்கு."

"கியர் ஒயில் என்ன கலர் எண்டு தெரியுமா?"

"கறுப்புத்தானே?"

"கறுப்பு என்ஜின் ஒயில் சேர். இது சிவப்பு. வெத்திலெ துப்பின மாதிரி ஈக்கும்."

என் கண் யன்னல் வழியாகக் கேட்டில் மாட்டிய போர்டுக்குப் போனது.

"சேர்? லைன்ல ஈக்கிறீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

அப்போதும் முழுதாக நம்பினேனா? இல்லை. உதிரிப்பாகம் விற்பவர் வேறு எப்படிச் சொல்வார் என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. ஆகவே நானே பார்த்துவிடுவதென்று முடிவெடுத்தேன். "ஜாக்க மட்டும் நம்பிக் கீழ போகாதீங்கொ, ஸ்டாண்ட் ரெண்டும் வெச்சிட்டுப் போங்கொ" என்று பலீல் நானா எச்சரித்து, தூக்கிய காரைத் தாங்கும் தன் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டையும் இரவல் தந்தார். யாரையும் நம்பாத எனக்கு அந்த அறிவுரை கடினமாக இல்லை.

எங்கள் வளவில் சமதரை ஒன்றே ஒன்றுதான் — வசந்தி உடுப்புக் காயப்போடும் இடம். கொடியை அவிழ்த்து, காரை அங்கே கொண்டுவந்தேன். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்தி, அடியில் புகுந்தேன். என்ஜினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறது. அதன் முதல் ஸ்க்ரூவைக் கழற்றியபோதுதான் அந்தத் துளி என் மூக்கில் விழுந்தது.

மறைப்பை முழுதாக இறக்கினால், உள்ளே அரைக் கோப்பை சிவப்பு ஒயில் தேங்கியிருந்தது. இப்போது எல்லாம் விளங்கியது. என்ஜினை ஓடவிடும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒயில் கசிந்து, மறைப்பில் சேர்ந்து, சரிவில் முன்விளிம்பால் வழிந்திருக்கிறது. சீமெந்துத் தளத்தில் மழைநீருக்காக வெட்டிய கோட்டில் ஓடியிருக்கிறது. அந்தக் கோடு பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்ததால் அங்கே சிவப்புத் தெரியவில்லை. கேட்டுக்கு அடியால் போய், வெளிச் சீமெந்தில் பரவிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அதாவது, நகரத்தின் வடிகானை இத்தனை காலமும் அசுத்தப்படுத்தியவன் நான். சுத்தம் செய்தவர் மாரிமுத்து.

கசிவு எங்கிருந்து? மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எல்லாவற்றையும் துடைத்து, உலரவிட்டு, வசந்தியின் பவுடர் டின்னை வாங்கி அந்தப் பகுதி முழுதும் தூவினேன். "எனக்குக்கூட இவ்வளவு பூசினதில்ல" என்றாள். காரைத் தரையில் இறக்கி, பத்து நிமிடம் என்ஜினை ஓட்டி, நிறுத்தி, மறுபடி தூக்கிப் பார்த்தேன். வெண்மையின் நடுவே ஒரேயொரு சிவப்புக் கோடு. ரேடியேட்டருக்குக் கீழே, கியர் ஒயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் குழாயோடு சேரும் இடத்திலிருந்து இறங்கியது. கிளிப் துருப்பிடித்திருந்தது. ஹோஸின் நுனி வெடித்திருந்தது.

புது ஹோஸ், புதுக் கிளிப் இரண்டு. மாற்றும்போது வழிந்ததைப் பேசினில் பிடித்து, போத்தலில் அடைத்து, பலீல் நானாவிடமே ஒப்படைத்தேன். என்ஜின் சூடாக ஓடும்போதே அளவுக்கம்பியைப் பார்த்துப் பார்த்து, புது ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கார் சரியாகிவிட்டது.

கடிதம்?

திங்கட்கிழமை நகரசபைக் காரியாலயத்துக்குப் போனேன். "ஃபைல்ல போட்ட கடிதத்த எடுக்க முடியாது சேர். வேணும்னா அதுக்கு மேல இன்னொண்ணு வைக்கலாம்" என்றார் எழுதுவினைஞர். அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். குற்றம் என்னுடையது, கறை என் காருடையது, மாரிமுத்துவை எங்கள் லேனுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று. இம்முறை என் பெயர் மூன்று முறை வந்தது.

பிறகு சந்தைப் பக்கம் போனேன். மாரிமுத்து லொறிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். இருக்கச் சொல்லி, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஒயில்னு எனக்கு மூணாம் நாளே தெரியுங்க. வெளக்குமாத்துல ஒட்டிக்கிச்சு. எச்சி ஒட்டாது. வழுக்கி யாரும் விழுந்துறக் கூடாதேன்னுதான் மண்ணு போட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல மாரிமுத்து?"

"எதத் தொறந்து சொல்றது சேர்... இதையா?" என்று வாயைத் திறந்து காட்டினார். பல்லெல்லாம் சிவப்பு. அவரோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

"லேனுக்குத் திரும்பி வாங்க" என்றேன். "மன்னிச்சிருங்க" என்பது அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது.

"அனுப்புனா வாறதுதான். ஆனா அந்த போர்டக் கழட்டிருங்க சேர். எங்க ஆளுங்க படிச்சிட்டு, எனக்காகத்தான் மாட்டினீங்கன்னு பேசிக்கிறாங்க."

அன்றே கழற்றினேன். கண்டியில் எல்லாம் சரிவைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. மழைத்தண்ணீர், ஒயில்... சந்தேகமும் அப்படித்தான்போல. கேட்டுக்கு உள்ளே உருவான கறைக்கு, கேட்டுக்கு வெளியே நின்ற மனிதரைத் தேடிப்போன என் படிப்பை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வெற்றிலை பற்றிய அந்தப் பத்தியைப் பாராட்டியவர்கள் தயவுசெய்து பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். துப்புவது தவறுதான், ஆனால் அன்று துப்பியவர் எவரும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை மாரிமுத்து எங்கள் லேனுக்குத் திரும்பி வந்தார். ஆறரைக்கு நான் என்ஜினை ஓடவிட்டேன். அவர் விளக்குமாற்றைக் கேட்டில் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, என் காரின் அடியை நன்றாகப் பார்த்த பிறகே கூட்டத் தொடங்கினார்.

சந்தேகப்படும் உரிமை இனி அவருடையது.