போன் இல்லாதவர்கள் விடுபட்ட பட்டியல்

இன்று தாம்பரம் கண் முகாமில் ஆபரேஷனுக்கான பட்டியலை ஒட்டினார்கள். நான் டோக்கன் கொடுக்கும் மேசையில் இருந்தேன்.

பூ விற்கும் செல்லம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை.

"போன வாரமே பேரு குட்த்தேன் சார். போன் இல்லாதவளுக்குக் கண்ணும் வாணாமா?" என்றார்.

பட்டியலுக்குப் புரோகிராம் எழுதிய நஸ்ரின் பக்கத்தில்தான் இருந்தார். உடனே லேப்டாப்பைத் திறந்தார்.

"அக்கா சொன்னதுதான் சார் காரணம். கம்ப்யூட்டர்ல பேஷன்ட் பேரு ஒரு டேபிள், அதாவது ஒரு அட்டவணை; போன் நம்பர் இன்னொரு டேபிள். ரெண்டுலயும் இருக்கறவங்க மட்டும் வர்ற மாதிரி ஜாயின் பண்ணிட்டேன். நம்பர் இல்லாதவங்க பேரே வரல. என் தப்புதான்."

அவர் பயன்படுத்தும் லைப்ரரியில், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பில், இணைப்புக்கு ஒரே வரிதானாம். அதில் 'ஜாயின்' என்பதை 'லெஃப்ட் ஜாயின்' ஆக்கினார்; அப்படிச் செய்தால் நம்பர் இல்லாவிட்டாலும் முதல் டேபிளில் உள்ள எல்லாப் பெயரும் வருமாம். செல்லம்மாவோடு இன்னும் நான்கு பெயர்கள் வந்தன. போன் நம்பர் கட்டம் மட்டும் காலி.

ஐந்து பேரிடமும் தானே போய், "என்னாலதான் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்காகவே அவரை மிகவும் பிடித்துவிட்டது.

பள்ளி வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயரை வாத்தியார்கள் நாங்கள் அடிப்பதில்லை. எதிரே ஆப்சென்ட் போடுவோம். அப்படியானால் முப்பது வருடம் நானும் லெஃப்ட் ஜாயின்தான் போட்டிருக்கிறேன்.

இந்த ஒப்பீடு தப்பென்றால் கம்ப்யூட்டர்காரர்கள் திருத்தலாம். ஆனால் எனக்கு மதிப்பெண் குறைத்தால் காரணம் சொல்ல வேண்டும்.