ஜெயசித்ராவின் கைக்கோடாலி

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெயசித்ரா, பண்பொழியில் தன் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டு, குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அருவியில் குளித்து, சாரலிலும் நனைந்து வருகிறவர்களுக்குக் குளிர்காய நெருப்பு வேண்டும். அதற்கு விறகு பிளக்கத்தான் ஆன்லைனில் ஒரு கைக்கோடாலி வாங்கினார். பத்து வருட உத்தரவாதம் என்று போட்டிருந்தது. முதல் சீசன்கூடத் தாண்டவில்லை, பிடி முறிந்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

“என்ன வெட்டுனீங்க, மேடம்?”

“புளிய விறகு. கோடாலி சிக்கிக்கிட்டு. விறகோட தூக்கிக் கவுத்து, கோடாலி முதுகைக் கல்லுல அடிச்சேன். இங்கன எல்லாரும் அப்படித்தான் பிளப்போம்.”

“அது சின்னச் சுள்ளி வெட்டத்தான், மேடம்.”

“பத்து வருஷம் உழைக்கும்னு சொல்லுதீங்க. வெட்டாம வச்சிருந்தா நூறு வருஷம்கூட உழைக்கும், தம்பி. வேற அனுப்புங்க.”

குரலில் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. அடுத்த வாரமே இரும்புப் பிடி போட்ட மாற்றுக் கோடாலி வந்தது. சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கூரியர்காரரை நிற்கச் சொல்லிவிட்டு, புளியங்கட்டையில் கோடாலியை இறக்கினார். சிக்கியது. கட்டையோடு தூக்கிக் கவிழ்த்து, துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தார். கட்டை பிளந்தது. கல்லும் பிளந்தது.

கணவர் குற்றாலீஸ்வரன் ஓடிவந்தார். “ஏட்டி, கல்லு போச்சே! இதுக்கு யாருகிட்ட மாத்துக் கேப்பே?”

ஜெயசித்ரா பிடியைத் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. கையெழுத்தைப் போட்டார்.

“கோடாலி நான் வாங்குனது. கல்லு நீங்க வாங்குனது.”