நான் மாற்றிய பொட்டலம்

ஐம்பதுகளின் நடுவில், சங்கரன்கோவிலில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. கல்யாணமான மூன்றாம் வருடம் என் மனைவிக்குக் காசநோய் வந்தது. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் அவருடைய குழுவும் எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்தார்கள். காசநோய்க்குப் புதிதாக வந்த மாத்திரையைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. சம்மதித்த ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சிலருக்குப் பழைய மருந்து, வெள்ளைப் பொட்டலத்தில். சிலருக்குப் புதியது, மஞ்சள் பொட்டலத்தில். வாரம் ஒருமுறை போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் மனைவிக்கு விழுந்தது வெள்ளை. எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். "எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா சீட்டே எடுக்க மாட்டோம்" என்றார். நான் நம்பவில்லை.

மஞ்சள் பொட்டலம் வாங்க, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு விவசாயி வருவார். மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். "எதத் தின்னா என்ன சார்வாள், ரெண்டும் கசக்கத்தான செய்யும்" என்று சிரித்துக்கொண்டே நீட்டிவிட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டேன். ஐந்து வாரம் இப்படியே போனது. மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஒரே குமட்டல். மருந்து வேலை செய்கிறது என்று நானே விளக்கமும் சொன்னேன்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம். வகுப்பில் இருந்தேன். குழுவின் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வழி கேட்டார். என்ன அவசரம் என்றேன்.

"மஞ்சப் பொட்டலத்த நிப்பாட்டச் சொல்லிட்டாவ சார்வாள். மத்த ஊர்ல அதத் தின்னவங்களுக்குக் காமாலை கண்டிருக்கு. முழுசா முடியட்டும்னு காத்திருக்காம நடுவுலயே கணக்குப் பாத்திருக்காவ. பட்டியல்ல உள்ளவங்க வீட்டுக்கெல்லாம் ஓடுதோம். டாக்டரம்மா ஜீப்புல கரிவலத்துக்குப் போயிருக்காவ."

பட்டியலில் என் மனைவி பெயருக்கு நேரே வெள்ளை என்றல்லவா இருக்கும்? எங்கள் வீட்டுக்கு யாருமே வரப்போவதில்லை.

மத்தியானக் கஞ்சி குடித்ததும் அவள் மாத்திரை போட்டுக்கொள்வாள். தலைமையாசிரியரின் சைக்கிளை, கேட்கக்கூட நிற்காமல், எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவளுடைய ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் மாத்திரை. தட்டிவிட்டேன். "என்ன, பள்ளிக்கூடம் அதுக்குள்ள விட்டாச்சா?" என்று விழித்தாள். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

அப்படியே கரிவலம் சாலையில் சைக்கிளை மிதித்தேன். எதிர்காற்று வேறு. விவசாயியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. டாக்டரம்மா அவர் கண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீரா என்று எத்தனை முறை கேட்டும், மனிதர் எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக வாய் திறக்கவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "உங்க மனைவிக்கு வந்த காமாலை பழைய மருந்தோட கணக்குல ஏறியிருக்கும். இன்னும் நாலு பேர் இப்படிச் செஞ்சிருந்தா, நிறுத்தணும்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்" என்றார். பிறகு என்னையும் சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மூன்று வாரத்தில் கண் தெளிந்தது. நான் வேண்டாமென்று தள்ளிய அதே வெள்ளைப் பொட்டலத்தை ஒன்றரை வருடம் சாப்பிட்டு அவள் முழுதாகக் குணமானாள். விவசாயியும் பிழைத்துக்கொண்டார், அதில் என் புண்ணியம் ஏதும் இல்லை.

இப்போதும் ஏதோ ஒரு மருந்துச் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தித்தாளில் வந்தால், வீட்டில் மற்றவர்கள் அதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கோ, எங்கேயோ ஒருவர் நேர்மையாக எண்ணியிருக்கிறார், யாரோ ஒருத்தி கையிலிருந்த மாத்திரை வாய்க்குப் போகாமல் நின்றிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.