புரட்டாசியில் வாணி செய்த டோஃபி புட்டிங்

தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வாணி என்றால் உடனே ஆள் பிடிபடாமல் போகலாம். டோஃபி புட்டிங் செய்கிற வாணி என்றால் இந்த மலை ரோட்டில் திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் தெரியும். கருப்பையா கங்காணியின் கடைசி மகள். அவளுக்கு மூத்தவர் லாரி டிரைவர் கந்தசாமி. நடுவில் பிறந்தவை தங்காததால், கூடப் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். வாணியைக் கட்டிய செல்வராஜு தேயிலை ஆலையில் வேலை செய்கிறவர். அவரும் வெளியாள் இல்லை, அத்தை மகன்தான்.

கல்யாணமான புதிதில் வாணி தானா ராத்தா டவுனில் வெள்ளைக்காரர் பாணியில் நடந்த ஒரு விடுதிக்குப் பாத்திரம் கழுவப் போனாள். இனிப்புச் செய்கிறவன் லீவு போட்ட நாளெல்லாம் மாவு கலக்க அவளைக் கூப்பிட்டார்கள். அப்படிப் பழகிய கை. விடுதியை விட்டு நின்ற பிறகு வீட்டிலேயே ஓவன் அடுப்பு வாங்கி வைத்தாள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை அங்கே வெந்நீரில் ஊறப்போடுவார்கள். இவள் கடுந்தேநீரில் ஊறப்போட்டாள். பழுப்புச் சீனிக்குப் பதில் குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லம். பிறந்தநாளோ பள்ளிக்கூட விருந்தோ, தேடி வந்து சொல்லிவைத்து வாங்கிப் போனார்கள். ஒரே ஓர் ஆள்தான் அதைத் தொட்டதில்லை. அவளுடைய அண்ணன்.

அந்தக் கதை வாணியின் மகள் தனுஜாவின் காதுகுத்தில் ஆரம்பித்தது. மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் கந்தசாமி, கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரி மண்சரிவில் மாட்டிக்கொள்ள, வழியிலேயே நின்றுவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். சித்தப்பா மகன் மகேனும் மாமன் முறைதானே என்று அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். பட்டும் சீர்த்தட்டுமாகச் சேற்றுக் காலோடு கந்தசாமி வந்து நின்றபோது பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது.

"எனக்காகக் கொஞ்சம் நிக்க முடியல இல்ல? இனி உன் வீட்டுல பச்சத்தண்ணி என் பல்லுல படாது."

தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனவர்தான். வழியில் பார்த்தால் பேசுவார், நோயென்றால் வருவார். வாசலோடு சரி. ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

காது குத்திக்கொண்ட அந்தப் பெண் இப்போது கம்போங் ராஜாவில் டீச்சர். சசிதரன் என்ற பையனோடு தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வராமல் எந்த மணவறையில் பெண்ணை உட்காரவைப்பது? இன்னொரு முறை மகேனைக் கூப்பிட வாணிக்கு மனம் துணியவில்லை. வீட்டில் கை நனைக்காத அண்ணன் மணவறைக்கு மட்டும் எப்படி வருவார் என்பதும் அவளுக்குத் தெரியும். செல்வராஜு போய்ச் சொல்லி, சீர் பேச ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்று கந்தசாமி ஒத்துக்கொண்டார்.

புரட்டாசி மாதம் அது. வாணியும் விரதக்காரிதான். மாதப் பிறப்புக்கு முன்பே மீன் சட்டி பரணுக்குப் போய்விட்டது. ஆனால் அண்ணன் வருகிற காலையில் அவள் மனசு முழுக்க ஒரே நினைப்பு. ஊரெல்லாம் தின்ற புட்டிங்கை இன்றைக்கு அவர் தின்ன வேண்டும். குளித்து, விளக்கேற்றி, மாவில் வெண்ணெயும் வெல்லமும் சேர்த்து, ஊறிய பழத்தை மசித்துப் போட்டாள். கை தன்பாட்டுக்கு நடந்தது. வெந்து எழும்பியதைத் துண்டு போட்டு, வெண்ணெய், வெல்லம், பாலாடை மூன்றையும் கொதிக்கவிட்டுக் காய்ச்சிய டோஃபிப் பாகைச் சூடாக ஊற்றினாள்.

கந்தசாமி நெற்றியில் நாமத்தோடு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். உள்ளேயும் வந்து உட்கார்ந்தார். வாணி புட்டிங் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

செல்வராஜு, "சாப்பிடுங்க லா, மச்சான். இதத் தின்னாத டிரைவரு இந்த ரோட்டுலயே நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

"சொல்லுறானுங்க, சொல்லுறானுங்க. உன் தங்கச்சி புட்டிங்கு, உன் தங்கச்சி புட்டிங்குன்னு. நான் தலைய ஆட்டிக்கிட்டே வண்டிய எடுப்பேன்." கந்தசாமி கரண்டியை எடுத்தார். "வாசம் நல்லாத்தான் இருக்கு."

அப்போதுதான் வாணியின் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. ரோஜாத் தொட்டி மண்ணில் காலையில் அவளே நொறுக்கிப் போட்ட முட்டை ஓடு வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. புட்டிங் மாவில் உடைத்து ஊற்றிய முட்டை! கறி மீன் என்றால் கை தானே நின்றிருக்கும். கேக்கு மாவை யார் கவுச்சி என்று நினைத்தார்கள்?

செல்வராஜுவும் அவள் பார்வை போன திக்கில் பார்த்தார். புரிந்துகொண்டார். வேண்டாம், வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார்.

சொல்லாமல் விட்டால் அண்ணன் தின்பார். அதோடு எல்லாம் நேராகிவிடும். ஆனால் அவர் விரதம் சும்மா வந்ததில்லை. கோலா தெர்லா இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி ஓடியபோது பெருமாளைக் கூப்பிட்டு, உயிரோடு இறங்கி, அன்றிலிருந்து பிடிக்கிற விரதம். அண்ணி சீதா இதைச் சொல்லிச் சொல்லி அழுதது வாணிக்கு நினைவிருக்கிறது.

கரண்டி அவர் உதட்டுக்குப் போய்விட்டது.

"அண்ணே, வேணாம். அதுல முட்ட போட்டுட்டேன்."

கரண்டி நின்றது. கந்தசாமி அதைத் தட்டில் மெல்ல வைத்தார்.

"நெனப்பே இல்லண்ணே. நீ திங்கணும், திங்கணும்னே செஞ்சேன். முட்ட ஒடச்சது மனசுலயே இல்ல. கோவமா இருந்தா என்னைத் திட்டிட்டுப் போ. அவளுக்குச் சீர் கொண்டாராம மட்டும் இருந்துடாத."

கந்தசாமி தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் தின்னு முடிக்கிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே."

"உன் வெரதம் என்ன ஆவுறது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற தங்கையை அவர் பார்த்தார். "மேல ஊத்தியிருக்கியே பாகு, அதுலயும் முட்டையா?"

"இல்லண்ணே. வெண்ண, வெல்லம், பாலாட. சட்டியில இன்னும் இருக்கு."

"அப்ப அதக் கொண்டா."

பனிக் குளிரில் பாகு சட்டியோடு இறுகிப்போயிருந்தது. வாணி மறுபடி அடுப்பில் வைத்து இளக்கினாள். கந்தசாமி தான் கொண்டுவந்த சீப்பிலேயே பழத்தைப் பிய்த்து உரித்து, கிண்ணத்துப் பாகில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். இன்னொன்று உரித்தார்.

"மாப்ள, என்னய்யா வேடிக்கை பாக்குற? நீயும் எடு."

கிண்ணம் காலியாகும்வரை அவர் நிமிரவில்லை. அப்புறம் விரலை வழித்துக்கொண்டே சொன்னார்: "தை மாசம் லாரிய மொத நாளே நிறுத்திப்புடுவேன். மண்ணு சரிஞ்சாலும் சரி, மலையே சரிஞ்சாலும் சரி, என் மருமவள நான்தான் கூட்டிட்டு வந்து ஒக்கார வைப்பேன். மகேன் வந்து பந்தியில தின்னுட்டுப் போவட்டும்."

செல்வராஜு சிரித்துவிட்டார். வாணி பாகுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நின்னுக்கிட்டே இருக்க?" என்றார் கந்தசாமி. "இனிப்பு நெஞ்ச அடைக்குது. தண்ணி கொண்டா."

அவள் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.