குண்டம்மாவின் சுவர்

அடுத்தவர் கோப்பையில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார் அண்ணி. கேட்டால், "சீனி அடியிலேயே தங்கிடும், பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" என்பார். நான் சீனி போடாமல் குடிக்கிறவன் என்பதை நினைவூட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

என் அண்ணன் மனைவி வேதிப் பொறியியல் பேராசிரியர். மரத்தூளிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் எடுப்பது அவருடைய வாழ்நாள் வேலை. கச்சா எண்ணெய் இல்லாமலே உலகம் பிழைத்துக்கொள்ளும் என்று அடித்துச் சொல்வார். அதற்கு வேண்டியது வினையூக்கி. அது என்ன பொருள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தான் தீந்து போகாது, பக்கத்துல இருக்கறதையும் சும்மா இருக்க விடாது."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன், "இதுக்கா இவ்வளவு படிச்சே? கண்ணாடியைப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் கூடம், சமையலறை, மாடிப்படி என்று நடந்து, பேச்சு முடியும்போது செருப்பில்லாமல் தெருவில் நிற்பார். ஆய்வகத்திலும் அப்படித்தான். அங்கே மரத்தூளைச் சூடேற்ற ஒரு பழைய எஃகு அழுத்தக்கலன் உண்டு. தடித்த சுவர், அகன்ற அடி. பெயர் குண்டம்மா. போகும்போதும் வரும்போதும் அதன் வயிற்றில் விரலால் ஒரு தட்டு.

சாம்பல் நிறப் பொடி ஒன்றைத் தன் வினையூக்கியாக அறிவித்துக் கட்டுரை எழுதினார். பெயர் வந்தது. பின்னாலேயே முறையீடும் வந்தது: மற்ற ஆய்வகங்களில் அந்தப் பொடி வேலை செய்யவில்லையாம். அவர்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

போன மாதம், யாரோடோ தொலைபேசியில் பேசியபடியே குண்டம்மாவுக்குள் மரத்தூளைக் கொட்டி, மூடியை முறுக்கிச் சூடேற்றிவிட்டார். பிளாஸ்டிக்குக்கான சரக்கு வழக்கம்போல் வந்தது. திரும்பிப் பார்த்தால், எடைபோட்டு வைத்த பொடி மேசைமேல் அப்படியே இருக்கிறது. குண்டம்மாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பொடி இல்லாமல் மறுபடி செய்தார். மறுபடியும் வந்தது. இத்தனை காலமும் வேலை செய்தது பொடி அல்ல, கலனின் சுவர்.

வாயை மூடிக்கொண்டு ஓய்வு பெறச் சொன்னார் துறைத்தலைவர். அண்ணி அன்றே ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வீட்டுக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும் துலக்கினார், துலக்கி வைத்திருந்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் அழுதுவிடுங்கள் என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல தம்பி. சுவத்துல எந்த உலோகம் வேலை செய்யுதுன்னு தெரியணும்."

சுரண்டிப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. தெரிய வேண்டுமானால் சுவரையே வெட்டிச் சோதிக்க வேண்டும். வெட்டுவதற்காக ஆய்வகத்துக்கு வந்த பட்டறைக்காரர் குண்டம்மாவை ஒருமுறை சுற்றி வந்தார்.

"வெட்டுனா வெட்டுனதுதாங்க மேடம். ஒட்டுனாலும் அழுத்தம் தாங்காது. நல்லா யோசிச்சுக்குங்க."

உலகத்திலேயே அந்தச் சரக்கைக் கொடுக்கிற ஒரே கலன் அது. வெட்டியும் விடை கிடைக்காவிட்டால் அண்ணிக்குக் கட்டுரையும் இல்லை, கலனும் இல்லை. கதவுவரை போனார், திரும்பினார், மறுபடி போனார்.

பிறகு பட்டறைக்காரர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, எப்போதும் தட்டுகிற இடத்திலேயே ஒரு கோடு போட்டார். கோணல். அதைச் சட்டைக் கையால் அழித்துவிட்டு, இடது கையால் குண்டம்மாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, நேராக இன்னொரு கோடு போட்டார்.